கூட வந்தவங்க வெளியே

இல்லம்மா, இப்படி உக்காருங்க, அந்தப் பக்கம் ஃபேன் காத்து வராது. முதல் தடவையா? பாப்பாவைப் பாத்தாலே தெரியுது. தலை வாரி, பளிச்சுனு கவுன் மாட்டிக் கூட்டியாந்திருக்கீங்க. தப்புன்னு சொல்லல. இந்த ஆபீசுக்கு அப்படி வரக்கூடாது, அவ்வளவுதான்.

உள்ள இருக்கிறது என் தம்பி. கை சொன்னபடி கேக்காது, பேச்சும் மெதுவாத்தான் வரும், பொறந்ததுல இருந்தே. அப்பல்லாம் இந்த மாதிரி பிள்ளைங்களை விடுதியில விட்டாத்தான் அரசாங்கம் சோறு போடும். வீட்டுல வச்சிருந்தா ஒண்ணும் கிடையாது. எங்கம்மா விடல. கணக்கெடுக்க ஆள் வந்தா, விடுதிக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு இவனை அடுப்படியில உக்கார வச்சிட்டு, இங்க யாரும் இல்லைன்னுடுவாங்க.

அப்புறம் சட்டத்தை மாத்துனாங்க. வீட்டுல இருந்தாலும் உதவித்தொகை உண்டு, எத்தனை சதவீதம் ஊனம்னு டாக்டர் சொல்லணும். அதையும் வருஷா வருஷம் வந்து காட்டணும், ஒருவேளை சரியாயிருந்தா? அரசாங்கத்துக்கு நம்மளைவிட நம்பிக்கை ஜாஸ்தி.

இப்ப சதவீதமும் போச்சு. என்ன முடியாதுன்னு கேக்க மாட்டாங்களாம், என்ன முடியும்னுதான் கேப்பாங்களாம். ஆமாமா, மரியாதைதான், நான் குத்தம் சொல்லல. முடியும் முடியும்னு சொல்லிக்கிட்டே போனா ஒரு இடத்துல தொகையை நிறுத்திருவாங்க. நிறுத்துனா நான் வேலைக்குப் போயாகணும். இவனை யாரு பாத்துக்குவா? மறுபடி விடுதிதான். அம்மா எதுக்கு அவ்வளவு பாடுபட்டாங்கன்னு ஆயிடும்.

நாம வெளிய இருக்கணும்ங்கிறது இந்த வருஷம் வந்த சட்டம். அவங்கவங்க பதிலை அவங்கவங்களே சொல்லணுமாம். இத்தனை காலத்துல அவனை யாரும் எதுவும் கேட்டதில்லம்மா. அவனுக்குப் பசிக்குதான்னுகூட என்னைத்தான் கேப்பாங்க. இப்ப தனியா உக்காந்து பதில் சொல்றான். எனக்குப் பெருமையாத்தான் இருக்கு, பயமாவும் இருக்கு.

முடியாதுன்னு சொல்லச் சொல்லிக் குடுத்தா மட்டும்? பொய் வராது அவனுக்கு.

முதல்ல சட்டையைத்தான் கேப்பாங்களாம், நீங்களே போட்டுக்குவீங்களான்னு. காலையில நான் குளிச்சுட்டு வந்து பாக்குறேன், அத்தனை பொத்தானையும் அவனே போட்டுக்கிட்டு நிக்கிறான். பொறந்ததுல இருந்து இன்னைக்குத்தான். ஒண்ணுகூட மாறல. என்கிட்டக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறான். நான் எல்லாத்தையும் அவுத்துட்டு, நானே திரும்பப் போட்டுவிட்டுக் கூட்டியாந்தேன்.

உள்ள யாரோ கை தட்டுறாங்கம்மா. உங்களுக்குக் கேக்குதா?