சுண்ணாம்புக் குறியிட்ட காய்

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் ஏலத்துக்கு நின்றவர்கள் அதிகம் பேர் இல்லை. பாங்கு சொல்பவரும் அன்று ஏலம் கூறியவருமான மோதினார் சரீப், உரக்கடை ஸஹீத், முச்சக்கர வண்டி ஓட்டும் ஜெஸீம், மருதமுனையிலிருந்து நூல் விற்க வந்திருந்த றிஸ்மி, என் உழவு இயந்திரத்தை ஓட்டும் ஜவுபர், பிறகு நான். வெயில் கடுமையாக இருந்தது. மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். அன்று ஏலத்துக்கு வந்திருந்தவை ஒரு சேவல், ஒரு குலை வாழைப்பழம், ஒரு பூசணிக்காய்.

என் பெயர் ஸைனுலாப்தீன். எங்கள் குடிக்கு, அதாவது தாய்வழிக் குலத்துக்கு, பள்ளிவாசல் காரியங்களை முன்னின்று பார்க்கும் மரைக்கார் நான். எனக்கு முன் என் தாய்மாமன் மரைக்காராக இருந்தார், அவருக்கு முன் அவருடைய தாய்மாமன். இறக்காமத்துக்கு அப்பால் குளத்தோரமாக எங்கள் வயல் இருக்கிறது. அந்த வயல்வெளி முழுவதையும் எங்கள் குடிப் பெயரைச் சொல்லித்தான் இன்றும் வட்டை என்று அழைக்கிறார்கள். ஆகவே என்னை விசாரிக்கும் நீங்கள், நான் சொல்வதை ஒரு பயந்த மனிதனின் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வட்டையில் ஒரு வழக்கம் உண்டு. வயலை ஒட்டிய மேட்டில் பூசணி போடுவோம். நல்ல காயொன்றைப் பள்ளிவாசலுக்கு நேர்ந்துவிட்டால், காம்புக்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு குறி வைப்போம். அந்தக் குறியை வைக்கும் உரிமை வயலுக்குரியவனுக்கு மட்டும்தான். குறி விழுந்த காயை யாரும் தொடமாட்டார்கள். கூலிக்கு வந்தவர்கள் பசியோடு நின்ற காலத்திலும் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமை அது பள்ளிவாசலுக்குப் போகும், ஏலத்தில் விற்று அதன் காசு பள்ளிக்குச் சேரும்.

யானைகள் மீது எனக்குக் கோபம் இருந்ததில்லை. மிருகத்தின் மீது கோபப்படுவது மனிதனுக்கு அழகல்ல. ஆனால் போன ஆண்டு பெரும்போகத்தில் அவை நெல்லையும் மேட்டுப் பயிரையும் ஒன்றாகத் துடைத்துவிட்டன. பள்ளிவாசலுக்கு என் வயலிலிருந்து ஒன்றும் போகவில்லை. அதே முற்றத்தில் வைத்து ஸஹீத் சொன்னான், "மரைக்கார்ர வட்டைக்கு இப்ப யானைதான் போடியார்." வயலுக்குச் சொந்தக்காரரைத்தான் எங்கள் பக்கம் போடியார் என்போம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் வாய்வெடி வைத்தேன்.

வாய்வெடி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். தின்னும் பொருளுக்குள் மறைத்து வைப்பது, கடித்தால் வெடிப்பது. அது யானையை நின்ற இடத்தில் கொல்வதில்லை. தாடை உடைந்து, தின்ன முடியாமல், அது வேறு எங்கேயாவது போய்ச் சாகும். நான் அதைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் வயலில் பிணம் கிடந்ததாக யாரும் சொல்லமுடியாது.

நான் வைத்த காயைக் கடித்த பெண் யானை இறக்காமக் குளத்துத் தண்ணீரில் போய் நின்றது. மிருக வைத்தியர்கள் வந்தார்கள். கொழும்பிலிருந்து என் மகள் பஸ்மினாவும் வந்தாள். அவள் சட்டத்தரணி, சட்ட விரிவுரையாளரும்கூட. காட்டு விலங்குகளையும் மரம் செடிகளையும் காக்க உலக நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள்தான் அவளுடைய பாடம். எங்கள் குடியில் இப்படிப் படித்த முதல் பெண் அவள். அவளுடைய பெயருக்குப் பின்னால் என் பெயர் இருக்கிறது.

குளக்கட்டில் என் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள், "ஆசிய யானை அந்த ஒப்பந்தத்துர முதலாம் அட்டவணையில இரிக்கி வாப்பா. அதுக்கு மேல ஒரு பாதுகாப்பு உலகத்துல இல்ல."

"அட்டவணை எழுதினவங்க ஒரு நாளெண்டாலும் காவல் பரணுல குந்தினவங்களா மகள்?"

"இல்லதான். அதுக்குத்தான் உங்களுட்ட வந்திரிக்கன். நாடுகள் கையெழுத்து வெச்சாக் காணாது வாப்பா. எல்லா ஒப்பந்தமும் கடைசியா வந்து நிக்கிறது ஒரு வயல் வரம்புலதான்."

யானை தும்பிக்கையில் தண்ணீர் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனது. தண்ணீர் அப்படியே கீழே ஊற்றிவிட்டது. திரும்பவும் எடுத்தது. பஸ்மினா பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை. வெளியிடத்தில் அழும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

அதற்குப் பிறகு அவள் வட்டையில் வயல் செய்கிறவர்களைக் கூட்டினாள். இனி வாய்வெடியும் நஞ்சும் வைப்பதில்லை என்று எல்லாரும் எழுதிக் கொடுப்பது, அதற்குப் பதிலாக வனஜீவராசிகள் இலாகா மின்வேலி போட்டுத் தருவது என்று பேச்சு. நான் எழுந்து முதல் கையெழுத்தை வைத்தேன். மரைக்கார் வைத்தபின் மறுபேச்சு இல்லை. அரசாங்கம் சொல்லாமல் தாங்களாகவே ஒப்பந்தத்தை ஏற்ற விவசாயிகள் என்று எங்கள் வட்டையைப் பற்றி வெளிநாட்டு மாநாடொன்றில் பேச பஸ்மினாவை அழைத்தார்கள். மற்ற நாடுகளிலும் இதே வழியைச் செய்து பார்ப்பது அவளுடைய அந்தப் பேச்சில் தங்கியிருந்தது.

கையெழுத்திட்டபோது அதை மீறும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. சிறுபோக நெல் கதிர் முற்றும் நேரத்தில் மின்வேலி செத்துவிட்டது. இலாகாவுக்குச் சொன்னோம். பொறுத்திருக்கச் சொன்னார்கள். யானைகளிடம் பொறுத்திருக்கச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆகவே ஒரு காய் வைத்தேன். ஒன்றே ஒன்று.

முதல் தடவை வைத்தபோது, களை பிடுங்க வந்த ஆகிலா அந்தக் காயைக் கறிக்கு எடுத்துப்போகக் குனிந்துவிட்டாள். நான் கண்டு சத்தம் போட்டதால் தப்பினாள். அப்படி ஒன்று திரும்ப நடக்கக்கூடாது என்று இந்த முறை சுண்ணாம்புக் குறி வைத்தேன். குறி இருந்தால் மனிதக் கை படாது. யானைக்குக் குறி தெரியாது. இதைவிடக் கவனமாக ஒரு மனிதன் எப்படி நடந்திருக்க முடியும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் எண்ணாதது வேலப்போடியின் விசுவாசத்தை. அவன் என் வயற்காவல்காரன். நம்மவன் அல்ல, பக்கத்துத் தமிழ்க் கிராமத்தவன். ஆனால் எங்கள் நேர்ச்சையை எங்கள் பிள்ளைகளைவிடக் கவனமாகப் பார்ப்பான். காய் இருந்த பக்கம் போகவேண்டாம் என்று நான் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பான்.

ஏல முற்றத்தில் அந்தக் காயைக் கண்டதும் ஜவுபரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"இது எப்பிடி வந்த?"

"வேலப்போடி தந்துவிட்டவரு போடியார். நேர்ச்சக்காய் யானை வாற வழியில கிடக்குதாம், யானை தின்னா நமக்குப் பாவமாம். 'பள்ளிக்குப் போறத்த வழியில இறக்கிராத, மடியில வெச்சிக் கொண்டு போ' எண்டாரு. நான் பெட்டிக்குள்ள போட்டுத்தான் கொண்டுவந்த."

இறக்காமத்திலிருந்து வரும் பாதை உங்களுக்குத் தெரியும். உழவு இயந்திரப் பெட்டியில் அவ்வளவு குலுங்கியும் அது வெடிக்கவில்லை. பனியில் கிடந்து வெடி கெட்டுப்போயிருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

சரீப் காயைத் தூக்கிக் காட்டினார். "மரைக்கார் போடியார்ர வட்டைக் காய். பறக்கத்தான காய், அல்லாஹ்ட அருள் உள்ள காய். ஆரு கேக்கிற?"

"யானை இந்தமுற பள்ளிக்கும் மிச்சம் வெச்சிரிக்கி," என்றான் ஸஹீத்.

றிஸ்மி ஒரு விலை கேட்டான். ஜெஸீம் அதற்கு மேல் கேட்டான். நானும் கேட்டிருக்கலாம், என் விலைக்கு மேல் அங்கே யாரும் போயிருக்க மாட்டார்கள். ஆனால் கொடுத்த தர்மத்தைத் திரும்ப வாங்குகிறவன் கக்கியதைத் தின்னும் நாயைப் போன்றவன் என்பதை எங்கள் ஊரில் ஓதப்போகும் பிள்ளையும் அறியும். என் பெயர் சொல்லி ஏலம் கூறிய காயை, பள்ளிவாசல் முற்றத்தில் நின்று நானே திரும்ப வாங்குவதா? நான் மார்க்கம் பேணுகிறவன். வாங்கவில்லை.

"மாமிட கத்தம் வருது," என்று காயை வாங்கிக்கொண்டே ஜெஸீம் சொன்னான். இறந்துபோன மாமியாருக்காகக் குர்ஆன் ஓதிச் சோறு கொடுக்கும் நாளைச் சொன்னான். "பள்ளிக் காயில கறி ஆக்கினா ஹப்ஸாக்குச் சந்தோசம்." ஹப்ஸா அவனுடைய மனைவி. காயை முன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்து, உருளாமல் பழைய சாரத்தின் துணித் துண்டொன்றை முட்டுக்கொடுத்து, வண்டியை மெதுவாக எடுத்தான்.

மறுநாள் பஸ்மினாவுக்குப் பயணம். அவள் விமானம் ஏறட்டும், பிறகு ஜெஸீமிடம் போகலாம் என்று முடிவு செய்தேன். புறப்படும்போது வாசலில் நின்று சொன்னாள், "உங்கட கையெழுத்தப் பெரிசாக்கி எல்லா நாட்டுக்காரருக்கும் காட்டப்போறன் வாப்பா." நான் அவளுடைய தலையில் கைவைத்து துஆச் செய்தேன். அவள் போனபிறகு, அவள் பேசி முடிக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜெஸீமின் வீட்டுப் பக்கமாக நடந்தேன். அது என் வழக்கமான வழி அல்ல. காய் கிணற்றுக்கட்டுப் பக்கம் ஒரு சாக்கின் மேல் இருந்தது. ஹப்ஸா வேலியோரம் நின்றாள்.

"போடியார் மாமா, இஞ்சால வந்து காயப் பாருங்க. உங்கட குறி இன்னும் அழியல்ல. ஒரு வாளித் தண்ணியத் தூக்கிற மாதிரிப் பாரம். இவரு தூக்கிட்டு இடுப்பப் புடிச்சிட்டுப் படுத்திட்டாரு."

"நல்லா முத்தின காய் மகள்," என்றேன். "முத்தின காய் கெடாது. அவசரப்பட்டு வெட்டத் தேவல்ல."

அதுதான் நான் செய்த எச்சரிக்கை. அதை நான் செய்யவில்லை என்று யாரும் சொல்லமுடியாது.

"நாளைக்குத்தானே மாமா கத்தம். நாளைக்கு வெட்டாம எப்ப வெட்டுற? நீங்களும் வரணும். ஏழைட ஊட்டுச் சோறு எண்டு நிண்டிராதீங்க."

இன்ஷா அல்லாஹ் என்றேன்.

திங்கட்கிழமை நண்பகல் ளுஹர் தொழுகைக்கு உளூச் செய்துகொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. யாரோ தென்னைக்குக் காவலாகப் பட்டாசு போடுகிறார்கள் என்று என் மனைவி சொன்னாள். நான் கால்களைக் கழுவி முடித்தேன். தொழுது முடித்துத்தான் வெளியே போனேன். கத்தியைப் பிடித்தவள் ஹப்ஸா. காயை அசையாமல் பிடித்துக்கொடுத்தவள் அவளுடைய தங்கை றிஸ்னா. ஹப்ஸா கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மௌத்தானாள். றிஸ்னாவுக்குக் கைகள் இல்லை.

மரைக்கார் என்ற முறையில் ஜனாஸா அடக்க வேலைகளை நானே முன்னின்று செய்வித்தேன். ஜெஸீம் என் தோளில் சாய்ந்து நின்றான். அவனுடைய சட்டையில் பூசணி விதைகள் ஒட்டியிருந்தன. அவற்றை நான்தான் எடுத்துவிட்டேன். மாநாட்டில் பேசி முடியும் வரை பஸ்மினாவுக்கு யாரும் தொலைபேசி எடுக்கக்கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்தேன். அவள் பேசினாள். மண்டபத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

காயை அனுப்பியது யாரென்று பொலிஸார் கேட்டார்கள். வேலப்போடி என்றேன். அது பொய் அல்ல. வெடி வைத்தவன் யாரென்று கேட்டார்கள். காவல்காரன் செய்கிற எல்லாவற்றையும் வயல்காரன் அறியமுடியாது என்றேன். அவனைக் கொண்டுபோனார்கள். அவன் என்னைப் பார்த்தான். காவலுக்கு ஆள் இல்லாத வயலில் அந்த வாரமே யானைகள் இறங்கின. அந்தப் போகத்தில் ஒரு மூடை நெல்லும் வீடு வரவில்லை. மற்ற வயல்காரர்கள் ஒப்பந்தத்தை மறந்துவிட்டார்கள். குளத்தின் அந்தக் கரையில் இன்னொரு யானை வாய் உடைந்து நிற்பதாகப் போனவாரம் கேள்விப்பட்டேன். அது என் காயால் அல்ல.

பஸ்மினா திரும்பி வந்ததும் வீட்டுக்கு வரவில்லை. நேரே மறியற்சாலைக்குப் போய் வேலப்போடியைக் கண்டிருக்கிறாள். பிறகுதான் என் முன்னால் வந்து அமர்ந்தாள்.

"வேலப்போடிக்காக நான் வழக்குப் பேசப்போறன் வாப்பா."

"நம்மட குடும்பத்துக்கு இது தேவையா மகள்?"

"ஒரே ஒரு கேள்விதான் கேப்பன். உங்களுட்டத்தான் கேப்பன். சாட்சிக் கூட்டுல ஏத்தி, எல்லாருக்கும் முன்னால." அவள் குரலை உயர்த்தவில்லை. "மரைக்கார்ர வட்டையில நேர்ச்சக் குறி வெக்கிற உரிம ஆருக்கு?"

அவள் தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனாள். அதற்குப் பிறகு என்னை வாப்பா என்று கூப்பிடவில்லை.

பெற்ற மகள் நீதிமன்றத்தில் நின்று தகப்பனைக் கேள்வி கேட்பது எங்கள் குடியில் நடந்ததில்லை. அது நடக்கக்கூடாது என்பதற்காகவே இதை நானாக வந்து சொல்கிறேன். குறியை வைத்தவன் நான். வெடியை வைத்தவன் நான். ஏலத்தில் அந்தக் காயைக் கண்டவுடனே அடையாளம் தெரிந்தது. வேலப்போடியை விட்டுவிடுங்கள்.

இன்னும் ஒன்று. ஜெஸீமின் வாப்பாவுக்கும் எனக்கும் ஒரு காலத்தில் வாய்க்கால் தகராறு இருந்ததென்றும், அந்தப் பகையில்தான் அவனை அந்தக் காயை வாங்க விட்டேன் என்றும் ஊரில் ஒரு கதை உலாவுகிறது. அது சுத்தப் பொய். அவன்மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை. அன்று அந்தக் காயை யார் வாங்கியிருந்தாலும் நான் பேசாமல்தான் நின்றிருப்பேன்.