ஜிம்மிடேல் தோட்டத்துக் காசு

“ஹலோ... ஹலோ... பழங்காசு ஏலம் போடுற துஷாந்த் அண்ணனா?... ஆமா, ஆமா, ஹட்டன் பக்கத்துலேருந்துதான். சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், வச்சிராதீங்க.”

லோஜினி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். எதிரே அவள் புருசன் நிரஞ்சன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் போனில் அந்த ஏலம் திறந்திருந்தது: ‘மொஸ்பெரி தோட்டத்துப் பித்தளைக் காசு. நூற்றைம்பது வருடப் பழசு. உலகத்தில் ஒன்றே ஒன்று.’ மொஸ்பெரி அவனுடைய பூட்டன் வேலை செய்த தோட்டம்; அந்தக் காலத்தில் தோட்டங்கள் தங்கள் ஆட்களுக்குச் சொந்தமாகவே காசு அடித்துக் கொடுத்தன. ஒழுகுகிற லயத்து வீட்டுக் கூரைக்குத் தகரம் வாங்க வைத்திருந்த முப்பத்திரண்டாயிரத்தையும் சேர்த்து ஏலம் கேட்டுவிட்டான். ஐந்து மணிக்கு முடிகிறது. இன்னும் இருபது நிமிடம்.

“அந்த மொஸ்பெரி காசு பத்தித்தாண்ணே... ஆமா, அபூர்வம்னு போட்டிருக்கீங்க. எத்தன கிராம் வரும்?... இல்லண்ணே, நிறுத்துப் பாத்தீங்களான்னு கேட்டேன்... அபூர்வமானத நிறுக்கக் கூடாதுங்களா?... சரி, சரி. நான் தேயிலக் கொழுந்து நிறுக்கிற எடத்துல வேல பாக்குறேன், எதப் பாத்தாலும் நிறுக்கத் தோணும். பின்பக்கம் ஒரு போட்டோ?... கேமரா பழுதா. முன்பக்கம் எடுக்கயில நல்லாருந்திச்சு போல... இல்ல இல்ல, கோவிச்சுக்காதீங்க.”

பழைய காசு என்றால் அப்படித்தான் என்பதுபோல நிரஞ்சன் கையை விரித்தான். லோஜினிக்கு மனம் ஒப்பவில்லை. போன வாரம் இதே துஷாந்த், நிரஞ்சனிடம், ‘நீங்க எந்தத் தோட்டம் தம்பி?’ என்று அக்கறையாக விசாரித்திருந்தான். நாலே நாளில் மொஸ்பெரி காசு ஏலத்துக்கு வந்துவிட்டது. நிரஞ்சன் அதை அதிர்ஷ்டம் என்றான்.

அவள் குரலைக் குழைத்துக்கொண்டாள்.

“அண்ணே, எங்க அப்பா ஆளுகளோட தோட்டத்துக் காசு ஏதும் கெடைக்குமா?... எந்தத் தோட்டமா?...”

பேர் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. வாசலில் காலை நீட்டிப் படுத்திருந்த நாய் ஜிம்மிமேல் கண் போனது.

“ஜிம்மிடேல்... ஜிம்மி... டேல். திம்புள்ள பக்கம்... தெரியுமா? போயிருக்கீங்களா?... ஆத்தோரமா, ஆமா... தொர பங்களா முன்னால பெரிய மரமா?... ஆமா, ஆமா, அதே மரந்தான்.”

பேரைக் கேட்ட ஜிம்மி வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்தது. நிரஞ்சன் நாயைப் பார்த்தான், பிறகு போனைப் பார்த்தான்.

“அங்கயும் காசு அடிச்சாங்களா?... ஒன்னே ஒன்னா? உங்ககிட்டயேவா?... ரெண்டு பேரு கேட்டுட்டாங்களா? யாரு, ஜிம்மிடேல் ஆளுகளா?... நுவரெலியா டாக்டரு. சரி... இப்பவே ஏலத்துல போடுறீங்களா? போடுங்க, லைன்லயே இருக்கேன்.”

ஆறு நிமிடம் போனது. பிறகு நிரஞ்சனின் போனில் மணி அடித்தது. புதுக் காசின் படத்தை அவன் இரண்டு விரலால் பெரிதாக்கினான். பழைய படத்தையும் திறந்து பார்த்தான். காசின் நடு ஓட்டைக்குப் பக்கத்தில் அதே நசுங்கல். காசைப் பிடித்திருந்த கட்டைவிரலில் அதே வெட்டுக்காயம். தோட்டத்துப் பேர் மட்டும் மாறியிருந்தது. மொஸ்பெரி காசுக்குத் தான் கேட்டிருந்த ஏலத்தை அழித்தான். அவன் காது சிவந்திருந்தது.

“அண்ணே, வந்திருச்சு. வாசிக்கிறேன், கேளுங்க. ‘ஜிம்மிடேல் தோட்டத்துக் காசு. நூற்றைம்பது வருடப் பழசு. உலகத்தில் ஒன்றே ஒன்று.’ கேமராவ அதுக்குள்ள திருத்திட்டீங்க போல... அண்ணே, ஜிம்மி எங்க வீட்டு நாயி. வயசு மூணு... இல்லண்ணே, தோட்டமெல்லாம் கெடையாது, நாயி மட்டுந்தான்... போன என்னத்துக்கு வைக்கணும்? இன்னொரு விசயம் இருக்கு. கீழ செல்லசாமின்னு ஒருத்தரு எழுதியிருக்காரு. ‘எங்க தாத்தா ஜிம்மிடேல்ல கங்காணியா இருந்தவரு. நாப்பதாயிரம்.’ இவரு உங்க ஆளா?... இல்லயா?... சத்தியமா தெரியாதா?... அப்ப நெசமாவே ஒரு மனுசன் நம்பிட்டாருண்ணே. அவரோட காச வாங்காதீங்க... அண்ணே?... ஹலோ?... ஹலோ?...”

லைன் அறுந்துவிட்டது.

நிரஞ்சன் போனை எடுத்து செல்லசாமிக்குத் தானே எழுதினான். அண்ணே, அது போலி, அப்படி ஒரு தோட்டமே இல்லை, ஜிம்மி என்பது எங்கள் நாயின் பேர், ஏலத்தை அழித்துவிடுங்கள் என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அனுப்பினான்.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. விலையை இறக்கிவிட்டு நீயே அமுக்கப் பார்க்கிறாயா என்று கேட்டு, செல்லசாமி ஐம்பதாயிரத்துக்கு ஏற்றியிருந்தார்.