ஆளுக்கு அரை நாள்

சுற்றுலாப் பேருந்தில் இடம் மாற்றி உட்கார வைக்கிறார்களே, அதைப் போல நியாயமான ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. யார் கண்டுபிடித்ததோ தெரியாது. நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் பேருந்து சின்னது. ஓட்டுநருக்கு இடப்பக்கம், கதவை ஒட்டி, தனியாக ஒரே ஓர் இருக்கை. எதிரே முழுக் கண்ணாடி. மற்றவர்கள் ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் பார்ப்பதை அங்கே உட்கார்ந்தவர் நேருக்கு நேர் பார்க்கலாம். பயணிகள் பன்னிரண்டு பேர், பயணம் ஆறு நாள். ஆளுக்கு அரை நாள் அந்த இருக்கை என்று அடிலெய்டில் கிளம்பும்போதே ரஸ் சொல்லிவிட்டார். ரஸ்தான் ஓட்டுநர், வழிகாட்டி, தேநீர் போடுகிறவர், எல்லாம். நாலாம் நாள் பிற்பகல் என் முறை. ஃபிளிண்டர்ஸ் மலைகளின் முதுகில் ஏறி இறங்கும் பாதை அன்று பிற்பகல்தான் வருகிறது. எனக்கு இப்படியெல்லாம் அதிர்ஷ்டம் அடித்ததில்லை.

என்னுடன் வந்தவள் என் அக்கா தெல்மா. என்னைவிட மூன்று வயது பெரியவள். முதல் நாள் காலையில், மற்றவர்கள் பெட்டிகளைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் முன் இருக்கையில் தன் குஷனைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தப்பா நினைக்காதப்பா," என்று ரஸ்ஸிடம் சொன்னாள். "வண்டி ஆடினா எனக்குக் குமட்டும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். முன்னாடி உக்காந்தா ஒண்ணும் பண்ணாது."

"மத்தவங்க என்னைப் பிச்சுத் தின்னுடுவாங்களே."

"பின்னாடி உக்காந்து உன் பஸ்ல வாந்தி எடுத்தா கழுவறது யாரு?"

ரஸ் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அதோடு அந்த ஏற்பாடு முடிந்தது. மூன்று நாளும் அவள்தான் முன்னால். லாய்ட் என்று ஒருவர், வாழ்நாளெல்லாம் ஆட்டு ரோமம் கத்தரித்தவர், தினமும் ஏறும்போது ஒன்று சொல்வார். "மகாராணி சவாரி கிளம்பியாச்சா? நாங்க ஏறலாமா?" தெல்மா திரும்பிக் கையசைப்பாள். அவளுக்கு யார் பேச்சும் உறைக்காது. நான்தான் கூசிப்போவேன்.

நீங்கள் காரணம் கேட்டீர்கள். நான் சொல்வது காரணமாகப் படுமா என்று தெரியவில்லை. எங்கள் அப்பாவிடம் ஒரு பழைய ஹோல்டன் கார் இருந்தது. பண்ணையிலிருந்து கடற்கரைக்கு வருஷத்துக்கு ஒருமுறை போவோம். தெல்மா முன்னால், அப்பா பக்கத்தில். அம்மாவும் நானும் நாயும் பின்னால். ஐஸ் பெட்டி என் மடியில். கடல் முதலில் கண்ணில் படும் அந்தத் திருப்பம் வந்ததும் தெல்மா கத்துவாள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் சாலை வளைந்துவிடும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் பிடரியில் இருக்கும் மச்சம்தான். மாறி உட்காரலாமா என்று கேட்டால், "உனக்குத்தான் எங்க உக்காந்தாலும் ஒண்ணும் ஆகாதே" என்பாள். அது உண்மை. எனக்கு ஒன்றும் ஆகாது.

என் கணவர் க்ளைவ் போன வருஷம் இறந்தார். இறுதி ஊர்வலத்தில் அவருடைய சவப்பெட்டி இருந்த வண்டிக்கு அடுத்த கார் எங்களுடையது. தெல்மா முன் கதவைத் திறந்து ஏறிவிட்டாள். நான் பின்னால், க்ளைவின் இரண்டு தம்பிகளுக்கு நடுவில். முன்னால் போன வண்டியை நான் பார்க்கவில்லை. தெல்மாவின் தொப்பி அகலம். மயானம் வரை அந்தத் தொப்பியைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். அன்று எனக்கு மிகவும் வலித்தது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் உண்மையாகவே வருத்தப்பட்டிருப்பாள். கெட்டவள் இல்லை அவள். இந்தப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்ததுகூட அவள்தான், நான் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறேன் என்று.

மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது அவளிடம் வாய்விட்டே கேட்டேன்.

"நாளைக்கு மத்தியானம் என் முறை, தெல்மா."

அவள் ஆட்டுக்கறித் துண்டை வெட்டிக்கொண்டே சிரித்தாள். "பாக்கலாம், பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"சாப்பிடு, நோரீன். ஆறிப்போகுது."

அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். ஐம்பது அறுபது வருஷமாகத் தெரியும் என்று நினைத்தேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு ரஸ் வண்டியை ஒரு மலைப் பள்ளத்தாக்கில் நிறுத்தினார். வறண்டுபோன ஓடை, இரண்டு பக்கமும் செம்பாறை, நடுவில் பெரிய யூகலிப்டஸ் மரங்கள். அக்டோபரில் அவ்வளவு வெயில் அடிக்காது. அன்று வடக்கிலிருந்து காற்று வீசியது, அடுப்பைத் திறந்த மாதிரி. ரஸ் மடக்கு மேசையைப் போட்டு ரொட்டியும் பன்றிக்கறியும் எடுத்து வைத்தார். போன் அங்கே எடுக்காது.

"ஓடைக்குள்ள நடக்கறவங்க ஆளுக்கொரு பாட்டில் தண்ணி எடுத்துக்கங்க. வெறுங்கையோட போனா நான் விடமாட்டேன். கிளம்பறப்ப பக்கத்துல உக்கார்றவங்க இருக்காங்களான்னு பாத்துக்கங்க. காணோம்னா கத்துங்க. புருஷனைக் காணோம்னா மட்டும் ரெண்டு தரம் யோசிச்சுட்டுக் கத்துங்க."

எல்லாரும் சிரித்தார்கள். தினமும் சொல்கிற வேடிக்கைதான்.

தெல்மா தன் பாட்டிலை என் பையில் போட்டாள். அவளுக்குத் தோள்வலி. சாமான் எப்போதும் என் பையில்தான். பாறைகளில் வாழும் சின்னக் கங்காரு ஒன்று இருக்கிறது, வாலில் வளையம் வளையமாக மஞ்சள் கோடு. அதைப் பார்க்க வேண்டும் என்று மற்றவர்கள் திரும்பிய பிறகும் அவள் மேலே நடந்தாள். ஓடை வளைந்த இடத்தில் ஒரு கல் புரண்டு விழுந்துவிட்டாள். கணுக்கால் திரும்பியிருந்த விதம் சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. பாறையில் சாய்த்து உட்கார வைத்தேன். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் சிரிக்கப் பார்த்தாள்.

"நீ போய் ரஸ்ஸைக் கூட்டிட்டு வா. ஓடாத. கல்லு வழுக்குது, நீயும் விழுந்துடாத."

"உனக்கு ஒண்ணும் ஆகாது, தெல்மா," என்றேன்.

அப்போது நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. ரஸ்ஸைக் கூட்டிவரத்தான் நடந்தேன். தண்ணீர்ப் பாட்டிலையாவது கொடுத்துவிட்டு வந்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். அவள் கேட்கவில்லை. பை என் தோளில் இருந்தது. பாதி வழியில் எனக்கு நினைவு வந்தது. திரும்பிப் போனால் நேரமாகும் என்று தோன்றியது. எதற்கு நேரமாகும் என்று நான் யோசிக்கவில்லை.

வண்டிக்கு வந்தபோது ரஸ் அந்தப் பக்கம் மேசையை மடக்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கழிப்பறைக் கொட்டகைப் பக்கம் நின்றார்கள். கதவு திறந்திருந்தது. முன் இருக்கை காலியாக இருந்தது, தெல்மாவின் குஷன் மட்டும் இருந்தது. அதை எடுத்தேன். எடுத்ததும் எங்கே வைப்பது என்று ஒரு கேள்வி வந்தது. கடைசி வரிசையில் யாரும் உட்காருவதில்லை. அங்கே கொண்டுபோய் வைத்தேன். அவளுடைய கோட்டையும் கைப்பையையும் அதன் பக்கத்தில் நீளமாக வைத்து, மேலே அவளுடைய கம்பளிப் போர்வையைப் போர்த்தினேன். பிறகு முன்னால் வந்து உட்கார்ந்தேன். பெல்ட் போட்டுக்கொண்டேன்.

ரஸ் ஏறி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், "தெல்மா பின்னாடி படுத்திருக்கா. மாத்திரை போட்டிருக்கா. எழுப்ப வேண்டாம்."

"தெரியும், தெரியும்," என்று கண்ணடித்தார்.

அவர் அப்படித்தான், எதைச் சொன்னாலும் தெரியும் என்பார். அதனால் எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. லாய்ட் ஏறும்போது என்னைப் பார்த்துக் கை தட்டினார். "அப்பாடா, ஆட்சி மாறிடுச்சு." மற்றவர்களும் தட்டினார்கள். ஒருவர்கூடக் கடைசி வரிசை வரை போய்ப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கும் அந்த இருக்கையில் தெல்மா இல்லாதது சந்தோஷம், அவ்வளவுதான்.

அந்தப் பாதையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். சாலை ஒரு மேட்டில் ஏறும். வானம் மட்டும் தெரியும். ஏறி முடித்ததும் மலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும், சிவப்பும் ஊதாவுமாக, கடைசி வரை. அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக எனக்கு முன்னால் யார் தலையும் இல்லை. பெரிய சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போகுமே, உள்ளே அப்படி இருந்தது. அடுத்த மேட்டில் வரும் என்று நினைத்தேன். அதிலும் வரவில்லை. ஆனால் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். என் அரை நாளில் ஒரு நிமிஷத்தைக்கூட நான் வீணாக்கவில்லை.

சாயங்காலம் தங்கும் விடுதியில் ரஸ் பெட்டிகளை இறக்கினார். "தெல்மா எப்படி இருக்காங்க?" என்றார். "சாப்பாடு வேண்டாமாம்," என்றேன். குஷனையும் போர்வையையும் நானே அறைக்கு எடுத்துப் போனேன். இரண்டு கட்டில். பாலைவனத்து ஊர்களில் பகலில் எவ்வளவு வெயிலோ ராத்திரி அவ்வளவு குளிர். அவள் போர்வையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டேன். நன்றாகத் தூங்கினேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. மறைத்து ஆவது ஒன்றுமில்லை.

மறுநாள் காலையில் நான் முன் இருக்கையில் உட்காரவில்லை. என் முறை முடிந்துவிட்டது. பின்னால் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். ரஸ் ஆட்களை எண்ணினார்.

"தெல்மா எங்க?"

"பள்ளத்தாக்குல."

"எந்தப் பள்ளத்தாக்குல?"

"நேத்து சாப்பிட்டோமே, அங்கதான். கால் மடங்கிடுச்சு அவளுக்கு."

அவர் கையில் இருந்த கோப்பை கீழே விழுந்தது. லாய்ட் என்னை விட்டு இரண்டு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தார். முந்தின நாள் கை தட்டிய மனிதர்.

அவளை எங்கே கண்டுபிடித்தார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஓடை வளைவில் இல்லை. கையை ஊன்றி இழுத்து இழுத்துப் பேருந்து நின்ற இடம் வரை வந்திருக்கிறாள். முழங்கையில் தோலே இல்லை என்றீர்கள். வண்டி நின்றிருந்தால் அந்த இடத்தில் நிழல் இருந்திருக்கும். வெயிலும் இதயமும் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். பின்னால் வேறு வண்டி ஏதாவது வந்து அவளை ஏற்றிக்கொள்ளும் என்று நம்பியதாகச் சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். நல்ல பையன், எனக்காகப் பாடுபடுகிறான். ஆனால் நான் அப்படி நம்பவில்லை. நான் மறக்கவும் இல்லை, குழம்பவும் இல்லை. அவளுடைய தண்ணீர் என் பையில் இருப்பது தெரிந்து, அவள் அங்கே உட்கார்ந்திருப்பது தெரிந்து, அவளை விட்டுவிட்டு வந்தேன். அவள் செத்துப்போவாள் என்பதும் தெரியும். நான்தான் கொன்றேன். இதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இன்று காலை நீங்கள் ரஸ் சொன்னதை வாசித்துக் காட்டினீர்கள். முகத்தை அப்படி வைத்துக்கொண்டு வாசித்தீர்கள், நான் உடைந்துபோவேன் என்று எதிர்பார்த்தீர்களோ என்னவோ. நாலாம் நாள் காலை தெல்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாளாம். "மத்தியானம் நோரீனை முன்னாடி உக்கார வெச்சுடு. நான் மாத்திரை போட்டுக்கிட்டுப் பின்னாடி படுத்துக்கறேன். அவகிட்ட இப்பவே சொல்லிடாத. பாவம், க்ளைவ் போனதுலேருந்து அவ சிரிச்சு நான் பாக்கல. அவ மூஞ்சி எப்படி மாறுதுன்னு நான் பாக்கணும்." அதனால்தான் ரஸ் கண்ணடித்தாராம். அதனால்தான் பின்னால் போய்ப் பார்க்கவில்லையாம். அந்த மனிதர் இனி வண்டி ஓட்டப்போவதில்லை என்றும் சொன்னீர்கள்.

நான் யோசித்துப் பார்த்தேன். இதனால் எதுவும் மாறவில்லை. அந்த அரை நாள் என்னுடையது. என்னுடையதை எனக்குக் கொடுக்க அவள் யார்? அப்படியே கொடுப்பதென்றாலும் மூன்றாம் நாள் ராத்திரி நான் கேட்டபோதே சொல்லியிருக்கலாம். கால் மடங்கி உட்கார்ந்திருந்தபோதாவது சொல்லியிருக்கலாம். நான் பக்கத்தில்தானே நின்றேன், தண்ணீரும் என்னிடம்தானே இருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் செய்த தப்பு அது. ஆனால் அதையெல்லாம் இனி மனசில் வைத்துக்கொண்டு என்ன செய்வது. நான் அவளை மன்னித்துவிட்டேன்.