ஸ்பிரிங்குக்கு ஏற்ற மச்சினன்

டாக்டர், எனக்குச் சமையல் பிடிக்கும். பட்டறையிலிருந்து வந்து கை கழுவியதும் நேரே அடுப்புப் பக்கம்தான் போவேன். உள்ளே கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறானே என் மச்சினன், அவனுக்கு மூன்றே மாதத்தில் எப்படி இவ்வளவு எடை ஏறியது என்று கேட்டீர்கள். ரத்தத்தை எடுத்துச் சோதித்து வீணாக்க வேண்டாம். நானே சொல்லிவிடுகிறேன்.

அவன் என் மனைவியின் தம்பி. பட்டறையில் அவன் பெயர் ஊசி. கல்லும் பள்ளமுமான பாதையில் பைக் ஓட்டுகிறவன். மலைப் பந்தயத்தில் ஜெயித்தால் ஒரு பெரிய அணி அவனைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அதுதான் அவனுக்கு உயிர். பைக்கோடு வந்த, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஸ்பிரிங் தொளதொளவென்று இருந்தது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் தரையைக் குத்தப் போனது.

"மாமா, நீங்கதான் நல்ல ஸ்பிரிங்கா பார்த்துப் போட்டுத் தரணும்" என்றான்.

ஓட்டுகிற ஆளின் எடைக்குத் தகுந்துதான் ஸ்பிரிங் வாங்க வேண்டும். ஹெல்மெட், பூட்ஸ், மார்புக் கவசம் எல்லாம் மாட்டச் சொல்லி அவனை எடை மெஷின்மேல் நிறுத்தினேன். தொண்ணூறு காட்டியது. இந்தக் காலத்துக் கவசம் நல்ல கனம்தான் போல என்று நினைத்துக்கொண்டு, தொண்ணூறு கிலோவுக்கான ஸ்பிரிங்கை வரவழைத்து மாட்டினேன்.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவன் இரண்டு கையையும் உதறினான். "அமுங்கவே மாட்டேங்குது மாமா. கல்லுல ஏறினா தவளை மாதிரி குதிக்குது."

"புது ஸ்பிரிங் அப்படித்தான் மாப்ள. பழகிடும்" என்றேன். ஸ்பிரிங்குக்கு மேல் உட்காரும் குழாய்த் துண்டை அறுத்துக் குட்டையாக்கியும் பார்த்தேன். அப்படிச் செய்தால் பைக் நிற்கும் உயரம் மாறுமே தவிர ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. அவன் மனசு ஆறட்டும் என்று தெரிந்துதான் அறுத்தேன்.

அன்று மாலை என் மனைவி, தம்பி கவசத்தோடு நிற்கும் படத்தைப் போனில் காட்டினாள். எடை மெஷின் ஓரத்தில் என் வலது கால் தெரிந்தது. தொப்பை மறைத்ததால் முள்ளை எட்டிப் பார்க்க மெஷின்மேலேயே காலை ஊன்றியிருக்கிறேன். பையன் கவசத்தோடு சேர்த்தே அறுபத்தாறுதான் இருந்திருப்பான்.

காதும் காதும் வைத்தாற்போல் அந்தப் படத்தை அழித்தேன். எங்கள் தொழிலில் நான் சொன்ன அளவை யாரும் திரும்ப அளந்து பார்க்க மாட்டார்கள். காலை வைத்துவிட்டேன் என்று சொன்னால் மானம் கப்பலேறிவிடும். நிதானமாக யோசித்தேன். ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங். அதில் ஒரு குறையும் இல்லை. குறை ஆளிடம்தான் இருந்தது.

முதலில் முட்டை, பால், வேர்க்கடலை என்று ஆரம்பித்தேன். பிறகு வெண்ணெய். காலையில் ஓடினால் முழங்கால் தேயும் என்று சொல்லி ஓட்டத்தை நிறுத்தினேன். பேண்ட் இறுகியபோது, "துவைச்சதுல சுருங்கிடுச்சு மாப்ள" என்றேன். எடை மெஷின் முள்ளைக் கொஞ்சம் பின்னால் திருகி வைத்தேன்.

"என் தம்பிமேல உங்களுக்கு இவ்வளவு பாசம்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்று மனைவி கண் கலங்கினாள். எனக்கும் கலங்கியது. பாசம் இல்லாதவன் எவனாவது தினமும் விடிகாலையில் எழுந்து வெண்ணெய் உருக்குவானா, டாக்டர்?

அவ்வப்போது அவனை பைக்கில் உட்காரவைத்து ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பேன். மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்தது. "நீங்க சொன்ன மாதிரியே பழகிடுச்சு மாமா. உங்க கைராசியே தனி" என்று கட்டிக்கொண்டான். என் கை அவன் முதுகைச் சுற்றி முழுதாகச் சேரவில்லை. நெஞ்சு நிறைந்துபோனது. பட்டறையில் அவனை அண்டா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நான் கண்டித்தேன்.

பந்தயத்தன்று அவன் கவசத்தோடு சரியாகத் தொண்ணூறு. முன்பக்கம் தங்கமாக வேலை செய்தது. ஆனால் பைக்குக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதை நான் மறந்துபோயிருந்தேன். அங்கே இருந்தது இன்னும் ஊசிக்கான ஸ்பிரிங். முதல் ஏற்றத்திலேயே பின்பக்கம் பொதுக்கென்று உட்கார, முன்சக்கரம் வானத்தைப் பார்க்க, பைக் அவன்மேலேயே மல்லாந்து விழுந்தது. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அணி வேறு ஒருவனைச் சேர்த்துக்கொண்டது.

ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷமும் கூப்பிடுவாங்க மாமா. ஃபோர்க் மட்டும் சொல்லி வச்ச மாதிரி வேலை செஞ்சுது" என்றான். இவ்வளவு நம்புகிறவனைப் பாதியில் கைவிடுவது பாவம். அன்றே பின் ஸ்பிரிங்குக்குச் சொல்லிவிட்டேன். அவன் வளர்ந்துகொண்டிருந்த வேகத்தைக் கணக்கில் வைத்து, தொண்ணூற்றாறு கிலோவுக்கு.

ஆகவே எடை குறைப்பதற்கென்று நீங்கள் அவனுக்கு எழுதிக்கொடுத்த சாப்பாட்டு முறையைத் தயவுசெய்து ரத்து செய்யுங்கள். நான் அளவில் தப்புப் பண்ணுகிறவன் இல்லை, டாக்டர். அவன் இன்னும் ஆறு கிலோ ஏறட்டும், நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.