சுத்தமாகத் துடைத்த துப்பாக்கி

துப்பாக்கி துடைக்கப் பழைய மல்வேட்டிதான் நல்லது, சார். புதுத் துணி நூல் உதிர்க்கும்.

முதலில் குழலைத் திறந்து, தோட்டா இல்லையென்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். தோட்டாக்கள் அடுத்த அறையில் இருக்கட்டும். துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை கம்பியில் சுற்றி இழுத்து, கடைசியில் ஒரு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான். இதற்கும் என் மனைவி சுகிர்தபாய்க்குப் பொறாமை. "எனக்க தலைக்கு ஒருநாள் எண்ண தேச்சு விட்டது உண்டா?" என்பாள்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். போன முறை நாற்பது நாள் அங்கே கிடந்தது. திரும்பி வந்தபோது குழலுக்குள் துரு, கூடவே ஒரு சிலந்திக் குடும்பம். என் அப்பாவின் அடக்கத்தில்கூட நான் அப்படி அழவில்லை.

இந்த வருடம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். காட்டுப்பன்றி விரட்டத்தான் எனக்கு லைசென்ஸ் தந்திருக்கிறார்கள். விசாரிக்க வந்த வில்லேஜ் ஆபீசர் உண்ணி என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணே, ரெண்டு வருஷமாட்டு ஒரு பன்னியும் வரல்லியே. பின்ன துப்பாக்கி எதுக்காக்கும்?" புதுப்பிக்காவிட்டால் துப்பாக்கி அந்தச் சிலந்திகளிடமே போய்விடும். ஆகவே பன்றி வேண்டியிருந்தது. இதில் குழப்பம் எதுவும் இல்லை.

என் மருமகன் விஜயதாஸ் பூவாரில் ஒரு ரிசார்ட்டில் சமையல்காரன். மாட்டுக்கென்று சொல்லி அவனிடம் அன்னாசித் தோலும் பலாச் சக்கையும் சாக்கு சாக்காக வாங்கினேன். எங்கள் வீட்டில் மாடு கிடையாது. அதை அடுத்த விளையில், பக்கத்துத் தோட்டக்காரன் சுயம்புவின் மரச்சீனிக் கிழங்கு ஓரத்தில் கொட்டினேன். என் விளையில் கொட்ட முடியாதே, அங்கே வாழை நிற்கிறது. நாலாம் நாள் எட்டுப் பன்றிகள் வந்தன. ஒரு வாரத்தில் சுயம்புவின் மரச்சீனி ஒரு மூடு மிச்சமில்லை. குத்தகை கட்டிப் பாட்டத்துக்கு எடுத்த நிலம், பாவம், அவனுக்கு வேறு வருமானமும் இல்லை.

சனிக்கிழமை காலையில் அவன் அலறல் கேட்டு ஓடினேன். பெரிய ஆண்பன்றி ஒன்று அவனை வரப்பில் தள்ளிவிட்டு நின்றது. பதினைந்து அடி தூரம். கையில் துப்பாக்கி, சட்டைப்பையில் இரண்டு தோட்டா.

"என்னத்துக்கு நோக்கிட்டு நிக்குதிய? வெடி வையுங்க அண்ணே!" என்று கதறினான்.

நீங்களே யோசியுங்கள், சார். அப்போதுதான் துடைத்து முடித்திருந்தேன். ஒரு வெடி வைத்தால் குழல் முழுக்கக் கரி. மேலும் திங்கட்கிழமை உண்ணி மறுபடியும் விசாரிக்க வருகிறான், அதற்குள் பன்றிகள் பயந்து ஓடிவிட்டால்? நான் தோட்டா போடவில்லை. பன்றி அவன் காலை இரண்டு இடத்தில் ஒடித்துவிட்டு, தானாகவே போனது.

சுயம்பு மயங்கிவிட்டான். என் வெடிக்குத்தான் பன்றி ஓடியதென்று விழித்ததும் அவனே சொன்னான். நான் திருத்தவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த உண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்: "ராஜையா அண்ணனுக்க துப்பாக்கி இல்லெங்கில் நான் இல்ல, சாரே!" சிபாரிசு மனுவில் முதல் கையெழுத்தும் அவனே போட்டான்.

சாக்கில் ரிசார்ட்டின் பெயர் இருந்ததைக் கவனிக்காதது என் பிழைதான், அதை வைத்துத்தானே என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். பன்றியை வரவழைத்தது நான், வெடி வைக்காததும் நான். மறைக்கவில்லை. ஆனால் படுத்துக்கொண்டே கையெழுத்துப் போட அவன் கஷ்டப்பட்டபோது, தலைக்குக் கீழே இரண்டாவது தலையணை வைத்தது யார், சார்? அதையும் எழுதுங்கள்.