கிடங்குச் சுவர் பற்றி ஒரு சீட்டு

என் கையெழுத்து நன்றாக இருக்கும். மாலை வகுப்பு வாத்தியாரே சொல்லியிருக்கிறார். அதனால்தான் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சீட்டு எழுதும் வேலை கிடைத்தது. இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டபடி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பிசகினால் பொறுத்தருள வேண்டும். என் மேல் எனக்கே நம்பிக்கை கம்மி.

எங்கள் ஷாப்பில் கெட்ட சேதியை வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. சீட்டில் எழுதி, மேனேஜர் கோதண்டராமன் பார்த்த பிறகு முதலாளிக்குப் போக வேண்டும். முதல் வரி நல்ல சேதியாக இருக்க வேண்டும். குழியில் தோல் அழுகியபோது 'மிகவும் மென்மையாகிவிட்டது' என்று எழுதினேன். முதலாளி எங்களைப் பாராட்டினார்.

நான்கு நாள் மழை பெய்து ஓய்ந்த புதன்கிழமை, காலை எட்டு மணிக்கு மேஸ்திரி தானியேல் வந்தார்.

"தம்பி, தோல் பதப்படுத்த அடுக்கி வெச்ச ஆவாரம்பட்டை தண்ணி குடிச்சி ஊதிப்போய் கிடங்குச் செவுத்தைத் தள்ளுது. சாயங்காலம் வரைக்கும் தாங்காது. பதினோரு மணி வரைக்கும் உள்ள பட்டை இடிக்கிற பொம்பளைங்கள வெளிய நிறுத்தி வைப்பேன். அதுக்கு மேல முதலாளி உத்தரவு வேணும்."

'சுவர் இன்று விழும்' என்று எழுதினேன்.

மேனேஜர் படித்தார். "இன்னாப்பா இது, சாவு ஓலையா? நல்லதா ஒரு வரி போட்டு எடுத்துனு வா."

நல்ல சேதி தேடி ஷாப் முழுவதும் நடந்தேன். சுண்ணாம்புத் தொட்டி வழிந்திருந்தது. கூரை ஒழுகியது. பத்து மணிக்குக் கிணறு கண்ணில் பட்டது. 'ஆண்டவன் அருளால் கிணறு நிறைந்தது. கிடங்குச் சுவர் சற்றே சாய்ந்து நிற்கிறது.' 'சற்றே' என்பதா, 'சிறிது' என்பதா என்ற சந்தேகத்தில் இரண்டு தாள் கிழித்தேன்.

பதினோரு மணி அடித்தது. பட்டை இடிக்கும் மீனாம்பாள் ஜன்னலில் வந்து நின்றார்.

"இன்னா சுப்பராயா, மேஸ்திரி மூஞ்சிய தொங்கப்போட்டுனு நிக்கிறாரு. உள்ள போலாமா, வாணாமா? நீதான படிச்சவன்."

பின்னால் நின்ற மூன்று பெண்களும் சிரித்தார்கள்.

எனக்குத் தெரியும். ஆனால் மேனேஜர் பார்க்காத சீட்டை வாயால் சொல்வது முறையல்ல.

"போங்கக்கா. எல்லாம் நல்லபடியா இருக்குது," என்றேன்.

மேனேஜர் பார்த்து, பதினொன்றேகாலுக்குச் சீட்டு முதலாளி கைக்குப் போனது. முதல் வரிக்குத் தலையாட்டினார். இரண்டாம் வரிக்கு வருவதற்குள் சுவர் விழுந்துவிட்டது.

நான்கு பேரையும் வெளியே எடுக்க மாலையாயிற்று. ஒருவருக்கும் உயிர் இல்லை. மெட்ராஸ் பங்குதாரருக்கு எழுத என்னைத்தான் கூப்பிட்டார்கள். 'கிடங்கில் இப்போது நல்ல காற்றோட்டம்' என்று ஆரம்பித்தேன். மேனேஜர் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

தானியேல் மேல் குற்றமில்லை. தெரிந்திருந்தும் நால்வரையும் உள்ளே அனுப்பினேன். ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு விண்ணப்பம் மட்டும். கலெக்டர் துரைக்கு இதை அனுப்பும் முன் ஒருமுறை என்னிடம் திருப்பிக் கொடுங்கள். முதல் வரி சரியாக அமைந்துவிட்டது. 'அனுப்பினேன்' என்பதுதான் கொஞ்சம் கடுமையாக இருக்கிறது.