கல்லறையில் ஒரு வாழை இலை

குற்றாலம் வழியாகச் செங்கோட்டை போகும் பஸ்ஸில்தான் அப்போது தினமும் வேலைக்குப் போய்வருவேன். எழுபதுகளில் ஒரு கல்லறைத் திருநாள். மழைக்காக ஜன்னல் படுதாவை இறக்கிவிட்டிருந்தார்கள். முன் சீட்டில் ஒரு விதவையும் அவளுடைய நாத்தனாரும். விதவையின் மடியில் மெழுகுவர்த்திகளும் செவ்வந்திப் பூவும்.

“செத்த மனுசனுக்கு எவளோ சோறு போட்டிருக்கா” என்றாள் விதவை. அதற்கப்புறம் எனக்கு எங்கே பேப்பர் ஓடும்?

“என்ன மதினி சொல்லுதிய?”

“நேத்து சுண்ணாம்பு அடிக்கப் போனேன். ஒங்கண்ணன் கல்லறை மேல இலை போட்டுப் படையல் வச்சிருக்கு. சோறும் கருவாட்டுக் கொழம்பும். நம்ம வேதக்காரங்கள்ல எவ படையல் போடுதா?”

“கல்லறை மாறி வச்சிருப்பாக.”

“சிலுவையில பேரு கொட்டை எழுத்துல இருக்கு. அந்தப் பேருக்கு மேல பூவும் வச்சிருக்கா.”

“கூட வேலை பாத்தவங்க யாராவது இருக்கும்.”

“அவங்களுக்கு இது தெரியாதாக்கும்? அவரு ஒரு நாளும் கருவாட்டத் தொட்டதில்ல.”

நாத்தனாருக்குச் சுருக்கென்றது போல. “வீட்டுல நீங்க எங்க ஆக்குனிய? நாத்தம்னு வாசல்லயே விட மாட்டிய. எங்கண்ணனுக்குக் கருவாடுன்னா உசுரு. ஆசை வந்தா அங்கன போயித்தான் சாப்பிட்டுட்டு...”

கண்டக்டர் “இலஞ்சி, இலஞ்சி” என்று கத்தினார். யாரும் இறங்கவில்லை.

விதவை மடியிலிருந்த பூவை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

“அங்கனன்னா எங்கனட்டி?”